பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்கிறதா? வைஃபை தகராறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

நேற்று ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய பிரிண்டர், காலையில் ஹால் டிக்கெட் எடுக்கப் போனால் ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும். உடனே எல்லாரும் செய்வது, சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடுவது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. இந்த மாதிரி சமயங்களில் பிரிண்டர் பழுதாகியிருப்பது அபூர்வம். பிரிண்டர் ஓரிடத்தில் இருக்கும், லேப்டாப் அதை வேறிடத்தில் தேடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். ஆனால் எந்தத் தலைப்புக்குப் போனாலும் முதலில் ஒரு தாள் தேவை.

## எதையும் தொடும் முன் எடுக்க வேண்டிய தாள்

பிரிண்டர் தன் நெட்வொர்க் நிலவரத்தைத் தானே ஒரு தாளில் அடித்துக் கொடுக்கும். இதற்கு லேப்டாப்பும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம்.

எப்சனின் எல்3150, எல்3250 போன்ற இங்க் டேங்க் மாடல்களில் நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பட்டனை ஒருமுறை அழுத்தினால் இணைப்புச் சோதனை அறிக்கை வரும். சில நொடிகள் விடாமல் அழுத்தினால் முகவரியோடு கூடிய விரிவான தாள் வரும். எச்பி டெஸ்க்ஜெட் 2700 வரிசையில் ‘ஐ’ என்று போட்ட இன்ஃபர்மேஷன் பட்டன். திரை உள்ள மாடல்களில் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ‘ரிப்போர்ட்’ என்று இருக்கும்.

தாளில் நான்கு விஷயம் பாருங்கள்.

வைஃபை பெயர்: உங்கள் வீட்டுப் பெயர்தானா? பழைய ரூட்டரின் பெயரோ பக்கத்து வீட்டுப் பெயரோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

ஐபி முகவரி (வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டரின் விலாசம்): 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் நல்லது. 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி தரவில்லை, பிரிண்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. 0.0.0.0 என்றால் இணைப்பே இல்லை.

சிக்னல்: ‘எக்ஸலன்ட்’, ‘குட்’ என்றால் விட்டுவிடலாம். எண்ணாகப் போட்டிருந்தால், மைனஸ் குறிக்குப் பின்னால் உள்ள எண் 60-ஐ விடக் குறைவாக இருப்பது (மைனஸ் 45 போல) நல்ல சிக்னல். மைனஸ் 75-ஐத் தாண்டினால் அடிக்கடி அறுந்துபோகும்.

மேக் முகவரி: பிரிண்டருக்கே உரிய மாறாத அடையாளக் குறியீடு, இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி. இதைத் தனியே குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எப்சன் அறிக்கையில் பிழைக் குறியீடு ஒன்றும் இருக்கும். இ-2, இ-3, இ-7 வந்தால் வைஃபை பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் சரிபார்க்க வேண்டும். இ-5 என்றால் ரூட்டரின் பாதுகாப்பு முறை பிரிண்டருக்கு ஒத்துவரவில்லை. இ-6 வந்தால் ரூட்டரில் மேக் ஃபில்டர் (மேக் முகவரி பார்த்துக் கருவிகளைத் தடுக்கும் அமைப்பு) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இ-8 என்றால் ஐபி முகவரியில் கோளாறு. இந்தக் குறியீட்டைப் பார்க்காமல் அரைநாள் அலைகிறவர்கள் உண்டு.

## அறிகுறி: பிரிண்டருக்கு வீட்டு வைஃபை பெயரே தெரியவில்லை

பட்டியலில் தெருவில் உள்ள எல்லார் வீட்டு வைஃபையும் வருகிறது, உங்களுடையது மட்டும் வரவில்லை.

5 கிகாஹெர்ட்ஸ். குறைந்த விலை வீட்டுப் பிரிண்டர்களில் பெரும்பகுதிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டுமே தெரியும். உங்கள் வைஃபை பெயர் ‘5ஜி’ என்று முடிந்தால் அது பிரிண்டரின் கண்ணுக்குப் படாது. (இந்த 5ஜிக்கும் செல்போன் 5ஜிக்கும் சம்பந்தமில்லை.) ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் (அதைத் திறக்கும் வழி கீழே ‘கரண்ட் போய் வந்தால்’ பகுதியில் இருக்கிறது) 2.4-ஐ யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெயரில் 5ஜி இல்லாத இன்னொரு வைஃபை இருந்தால் அதில் சேருங்கள்.

இரண்டு அலைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரூட்டர்களில் இன்னொரு சிக்கல். போன் 5-ல் இருக்கும்போது செட்டப் ஆப் தடுமாறும். ரூட்டர் பக்கத்தில் ‘பேண்ட் ஸ்டியரிங்’ அல்லது ‘ஸ்மார்ட் கனெக்ட்’ என்பதைத் தற்காலிகமாக அணைத்து, 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, பிரிண்டரைச் சேர்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்போது பிரிண்டரைச் சேர்த்த அந்தப் பெயரையே பொதுப் பெயராக வையுங்கள். இல்லையென்றால் செய்த வேலை வீண்.

சேனல் 12, 13. இந்தியாவில் 2.4-ல் 13 சேனல் வரை ஓடும். அமெரிக்காவில் விற்கும் மாடல்கள் 11-க்கு மேல் பார்க்காது. உறவினர் அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்த பிரிண்டர் என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். ரூட்டரில் சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். (அப்படி வந்த பிரிண்டரை ப்ளக்கில் சொருகும் முன், பின்னால் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 120 மட்டும் போட்டிருந்தால் நேரடியாகச் சொருகாதீர்கள், பிரிண்டரே எரிந்துபோகும்.)

பெயர் மறைத்து வைத்திருப்பது. ரூட்டரில் ‘ஹைட் எஸ்எஸ்ஐடி’ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அதனால் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை, தொந்தரவுதான் அதிகம்.

ஒரு பெயரும் தெரியவில்லை என்றால்: போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, 2.4 என்று தேர்ந்தெடுத்து, பிரிண்டரிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் வையுங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் கீழே ‘ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்’ பகுதிக்குப் போகலாம்.

## அறிகுறி: பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது

பாஸ்வேர்டை மறுபடி அடித்துப் பாருங்கள் என்று சொன்னால் கோபம் வரும். ஆனால் இரண்டு வரித் திரையில் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வோர் எழுத்தாகப் போடும் பிரிண்டரில், பெரிய ‘ஓ’வும் சைபரும், சின்ன ‘எல்’லும் ஒன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். போனில் வைஃபை செட்டிங்ஸுக்குப் போய் ‘ஷேர்’ அழுத்தினால், பல ஆண்ட்ராய்டு போன்களில் க்யூஆர் குறியீட்டுக்குக் கீழே பாஸ்வேர்டு எழுத்திலேயே வரும். அதைப் பார்த்து அடியுங்கள். நினைவிலிருந்து வேண்டாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் ரூட்டரின் பாதுகாப்பு முறை. ‘டபிள்யூபிஏ3’ மட்டும் என்று வைத்திருந்தால் பழைய பிரிண்டர்கள் சேரவே சேராது. ‘டபிள்யூபிஏ2’ அல்லது இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். கலந்த முறையிலும் தடுமாறும் மாடல்கள் உண்டு, அவற்றுக்கு டபிள்யூபிஏ2 மட்டும் என்பதே வழி. புது ரூட்டர் வந்த வீடுகளில் இது அடிக்கடி தலைகாட்டும்.

வைஃபை பெயரிலோ பாஸ்வேர்டிலோ எமோஜி, தமிழ் எழுத்து, மேற்கோள் குறி, கடைசியில் ஒட்டிய இடைவெளி இவை இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும்.

போன் ஆப் வழியாகச் சேர்க்கும்போது ‘பிரிண்டர் கிடைக்கவில்லை’ என்று வந்தால், ஆண்ட்ராய்டில் லொகேஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஆப்பால் சுற்றியுள்ள வைஃபையைத் தேட முடியாது. மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் (இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) அந்த ஐந்து நிமிடம் அணைத்து வையுங்கள். எச்பியில் செட்டப் முறை 2 மணி நேரம்தான் திறந்திருக்கும். அதற்குமேல் ஆகிவிட்டால் வயர்லெஸ் ரீசெட் செய்துதான் மறுபடி திறக்க வேண்டும். டெஸ்க்ஜெட் 2700 வரிசையில் வயர்லெஸ், கேன்சல் பட்டன்கள் இரண்டையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால் போதும்.

எப்சன் எல்3150-ல் நெட்வொர்க் ரீசெட்: பிரிண்டரை அணைத்து, நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்து, வைஃபை விளக்கும் வைஃபை டைரக்ட் விளக்கும் மாறி மாறி மினுக்கும் வரை விடாமல் இருக்க வேண்டும். இதில் இங்க் அளவு எதுவும் மாறாது, நெட்வொர்க் நினைவு மட்டுமே போகும்.

## அறிகுறி: ரூட்டர் மாற்றியதிலிருந்து வேலை செய்யவில்லை

பிராட்பேண்ட் கம்பெனி மாறியிருக்கும், அல்லது பழுதான மோடத்துக்குப் பதில் வேறு வைத்துப் போயிருப்பார்கள். பிரிண்டர் இன்னும் பழைய வைஃபை பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

பிரிண்டரைத் தொடாமலே தீர்க்க ஒரு வழி உண்டு. புது ரூட்டரின் 2.4 வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வையுங்கள், பாதுகாப்பு டபிள்யூபிஏ2. பிரிண்டர் மட்டுமல்ல, டிவி, சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடும். ரூட்டர் பொருத்த வரும் பையனிடம் வேலை முடிந்து கிளம்பும் முன்பே இதைச் சொல்லிச் செய்துகொண்டால் பாதி நாள் மிச்சம்.

இதிலும் ஒரு விதிவிலக்கு: பிரிண்டருக்குள் முன்பு யாராவது நிலையான முகவரி போட்டிருந்தால் மாட்டிக்கொள்ளும். பழைய ரூட்டர் 192.168.1 வரிசையில் இருந்து, புதிது ஜியோஃபைபர் போல 192.168.29 வரிசையில் வந்தால், பிரிண்டர் வைஃபையில் சேர்ந்திருந்தாலும் யாருக்கும் கைக்கு எட்டாது. நெட்வொர்க் ரீசெட்தான் எளிய வழி.

## அறிகுறி: வைஃபை விளக்கு ஒழுங்காக எரிகிறது, லேப்டாப் ‘ஆஃப்லைன்’ என்கிறது

புகார்களின் ராஜா இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் வழக்கைப் பிரிக்கும் சோதனை. தாளில் உள்ள ஐபி முகவரியை, உதாரணமாக 192.168.1.7, லேப்டாப்பின் பிரவுசரில் மேலே அடித்து என்டர் தட்டுங்கள். ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போகலாம், அது உங்கள் பிரிண்டர்தான்.

### பிரிண்டரின் பக்கம் திறக்கிறது

நெட்வொர்க்கில் குறை இல்லை. தப்பு லேப்டாப்பில்.

1. பிரிண்ட் வரிசையைத் திறந்து, சிக்கி நிற்கும் வேலைகளை நீக்குங்கள். விண்டோஸ் 10-ல் அதே ஜன்னலின் ‘பிரிண்டர்’ மெனுவில் ‘யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்’ டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

2. பட்டியலில் ஒரே பிரிண்டர் இரண்டு மூன்று பெயரில் இருக்கிறதா? ‘காப்பி 1’ என்று ஒன்று நிற்கும். நீங்கள் அனுப்புவது செத்த நகலுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். வேலை செய்வதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்பதையும் அணையுங்கள். அது கடைசியாகப் பயன்படுத்தியதையே முதன்மையாக்கும். ஒருநாள் பிடிஎஃப்பாகச் சேமித்தால் மறுநாள் எல்லாம் பிடிஎஃப்புக்கே போகும்.

3. வேலையை நீக்கினாலும் ‘டெலீட்டிங்’ என்றே நிற்கிறதா? சர்வீசஸ் ஜன்னலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டர். அதில் உள்ள ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு ஸ்பூலரைத் திரும்ப ஓட்டுங்கள். பிரிண்டர்ஸ் ஃபோல்டரை அழிக்கக் கூடாது. பக்கத்தில் உள்ள டிரைவர்ஸ் ஃபோல்டர் பக்கமே போகக் கூடாது.

4. இப்போது போர்ட், அதாவது லேப்டாப் பிரிண்ட் வேலையை எந்த முகவரிக்கு அனுப்புகிறது என்ற அமைப்பு. முக்கால்வாசி இங்கேதான் மாட்டும். செட்டிங்ஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், உங்கள் பிரிண்டர், பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ‘போர்ட்ஸ்’. டிக் ஆகியுள்ள வரியைப் படியுங்கள். தாளில் 192.168.1.7 என்று இருக்க, இங்கே 192.168.1.5 என்று இருந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது. 1.5 என்ற முகவரியில் இப்போது வீட்டுக்காரரின் போன் இருக்கும். லேப்டாப் பாவம், அந்தப் போனிடம் போய்ப் பிரிண்ட் கேட்டுக்கொண்டிருக்கிறது.

‘டபிள்யூஎஸ்டி’ என்று தொடங்கும் போர்ட் இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. பிரிண்டர் தூங்கி எழும்போதெல்லாம் அது இணைப்பைத் தவறவிடும் பழக்கம் உடையது.

மாற்றும் விதம்: ‘ஆட் போர்ட்’, ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’, ‘நியூ போர்ட்’. தாளில் உள்ள ஐபியை அடியுங்கள். சாதன வகை கேட்டால் ‘ஜெனரிக் நெட்வொர்க் கார்ட்’. முடித்துவிட்டு ‘கான்ஃபிகர் போர்ட்’ திறந்து ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ டிக்கை எடுங்கள். பிரிண்டரின் நிலவரத்தை விண்டோஸ் விசாரித்து, பதில் வராவிட்டால் ‘ஆஃப்லைன்’ முத்திரை குத்துவது இதனால்தான். பிரிண்டர் விழித்தே இருக்கும், பதில் மட்டும் சொல்லாது. டிக்கை எடுத்தால் விண்டோஸ் அந்த விசாரணையை விட்டுவிடும்.

மேக்கில் இவ்வளவு இல்லை. பிரிண்டரை மைனஸ் குறியால் நீக்கி, ப்ளஸ் குறியால் சேர்த்து, ஏர்பிரிண்ட் என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் முடிந்தது.

### பிரிண்டரின் பக்கம் திறக்கவில்லை

லேப்டாப்பும் பிரிண்டரும் ஒரே வீட்டில் இருந்தும் ஒரே நெட்வொர்க்கில் இல்லை என்று பொருள்.

லேப்டாப்பின் வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் அதன் ஐபி முகவரியைப் பாருங்கள். முதல் மூன்று எண்கள் பிரிண்டரோடு ஒத்துப்போக வேண்டும். பிரிண்டர் 192.168.1.7, லேப்டாப் 192.168.0.12 என்றால் வீட்டில் இரண்டு ரூட்டர் தனித்தனிக் குடித்தனம் நடத்துகிறது. கம்பெனி கொடுத்த ஃபைபர் மோடம் ஹாலில், மாடிக்காக வாங்கிய ரூட்டர் மேலே. இரண்டு கருவிகளையும் ஒரே வைஃபைக்குக் கொண்டுவாருங்கள். நிரந்தரமாகத் தீர, மாடி ரூட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு (தனி நெட்வொர்க் போடாமல் வைஃபையை மட்டும் பரப்பும் முறை) மாற்ற வேண்டும்.

எண்கள் ஒத்துப்போயும் திறக்கவில்லையா? கெஸ்ட் வைஃபையில் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபை ஒரு கருவியை இன்னொன்றோடு பேச விடாது. ரூட்டரில் ‘ஏபி ஐசொலேஷன்’ போட்டிருந்தாலும் இதே கதி. அலுவலக லேப்டாப்பில் விபிஎன் ஓடுகிறதா? அது வீட்டுப் பிரிண்டரை மறைத்துவிடும். அலுவலகம் அனுமதித்தால் பிரிண்ட் எடுக்கும்வரை துண்டித்துவிடுங்கள். அனுமதி இல்லையென்றால் ஃபைலைப் போனுக்கு அனுப்பிப் போனிலிருந்து எடுப்பதே நிம்மதி.

விண்டோஸில் வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘ப்ரைவேட்’ ஆக்குங்கள். ஆன்டிவைரஸின் ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்துச் சோதித்து, உடனே திரும்பப் போடுங்கள்.

## அறிகுறி: கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் தொலைந்துவிடுகிறது

மேலே சொன்ன முகவரி மாற்றம் நடக்கும் இடம் இதுதான். பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகிறது, சாயங்காலம் திரும்புகிறது. பிரிண்டர் ஒரு நிமிடத்தில் எழுந்து வைஃபையைத் தேடும். ஃபைபர் மோடம் முழுதாக விழிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சில மாடல்கள் கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்பதைப் பல ரூட்டர்கள் கரண்ட் போனதும் மறந்துவிடும். முந்தி வந்தவருக்கு முதல் எண்.

அன்றைய தீர்வு, எதை முதலில் ஆன் செய்கிறோம் என்ற வரிசையில்தான் இருக்கிறது. பிரிண்டரை அணையுங்கள். மோடத்தின் இன்டர்நெட் விளக்கு நிலையாக எரியும்வரை பொறுத்திருங்கள். பிறகு பிரிண்டர், கடைசியில் லேப்டாப். பிரிண்டரை அதன் பட்டனில்தான் அணைக்க வேண்டும். சுவர் ஸ்விட்சில் அணைத்தால் இங்க்ஜெட்டின் ஹெட் மூடாமல் காய்ந்துபோகும், வைஃபையைச் சரிசெய்யப் போய் ஹெட் அடைப்பை வரவழைத்த கதையாகிவிடும்.

நிரந்தரத் தீர்வு, பிரிண்டருக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைப்பது. பத்து நிமிட வேலை.

ரூட்டர் பக்கத்தைத் திறக்க பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோஃபைபரில் 192.168.29.1. பாஸ்வேர்டு ரூட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே ‘டிஎச்சிபி’ பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’, ‘ஸ்டாட்டிக் லீஸ்’, ‘பைண்டிங்’ என்று ஏதோ ஒரு பெயரில் இது இருக்கும். குறித்து வைத்த மேக் முகவரியைப் போட்டு, எதிரே 192.168.1.200 போல ஒரு முகவரியைக் கொடுத்துச் சேமியுங்கள். முதல் மூன்று எண்கள் உங்கள் ரூட்டரின் வரிசையாகவே இருக்க வேண்டும். பிரிண்டரை அணைத்துப் போட்டு, மறுபடி தாள் எடுத்து 200 வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லேப்டாப்பின் போர்ட்டையும் 200-க்கு மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பாதி வேலைதான்.

ரூட்டர் உள்ளே நுழைய விடவில்லை என்றால், பிரவுசரில் திறக்கும் பிரிண்டரின் பக்கத்திலேயே ஐபியை ‘மேனுவல்’ ஆக்கலாம். முகவரி 192.168.1.200, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே ரூட்டரின் முகவரி, டிஎன்எஸ்ஸும் அதுவே. ஆனால் ரூட்டர் தானாகப் பங்கிடும் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணாகப் பார்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் அதே எண் வேறு போனுக்கும் போய் இரண்டும் மோதும். ரூட்டர் மாற்றும் நாளில் இது காலை வாரும் என்பதால் முதல் வழியே மேல்.

மோடத்துக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் ரூட்டர் யுபிஎஸ் வைத்தால் இந்தக் கூத்து வெகுவாகக் குறையும். வாங்கும்முன் மோடம் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள்.

## அறிகுறி: போனில் வருகிறது, லேப்டாப்பில் இல்லை (அல்லது தலைகீழாக)

போன் எந்த வைஃபையில் இருக்கிறது? ‘டைரக்ட்’ என்று தொடங்கும் பெயர் என்றால் அது வீட்டு வைஃபை அல்ல, பிரிண்டர் தானே போடும் வைஃபை டைரக்ட். எச்பியில் அதன் முகவரி 192.168.223.1. பிரிண்டர் வீட்டு வைஃபையில் சேராமலே இத்தனை நாள் ஓடியிருக்கிறது. முதல் இரண்டு அறிகுறிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

லேப்டாப்பில் வருகிறது, ஐபோனில் ‘நோ ஏர்பிரிண்ட் பிரிண்டர்ஸ்’ என்றால், ஏபி ஐசொலேஷனையும் கெஸ்ட் வைஃபையையும் பாருங்கள். ரூட்டரில் ‘மல்டிகாஸ்ட்’ அல்லது ‘ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்’ அமைப்பை மாற்றிப் பார்ப்பதும் பலன் தரும். பிரிண்டர் கம்பெனியின் ஆப்பில் மட்டும் தெரியவில்லை என்றால் ஐபோன் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் கம்பெனியின் பிரிண்ட் ப்ளக்-இன் இல்லாமல் சில மாடல்கள் தெரியாது, அது ப்ளே ஸ்டோரில் இலவசம்.

வீட்டில் பிராட்பேண்டே இல்லாமல் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு: ஐபோனில் ‘மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ போட்டால்தான் ஹாட்ஸ்பாட் 2.4-க்கு இறங்கும். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்பில் பேண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிண்டர் முகவரி 172.20.10 என்று வந்தால் அது ஐபோன் ஹாட்ஸ்பாட்டின் வரிசை, பயப்பட வேண்டாம்.

## அறிகுறி: பாதியில் நிற்கிறது, ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆகிறது

சிக்னல் பிரச்சினை. தாளில் எண்ணைப் பாருங்கள். பிரிண்டர் பீரோவுக்குப் பின்னாலோ, ஃபிரிட்ஜ் பக்கத்திலோ, கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டியோ இருந்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள். ஒரு அடி நகர்த்தினாலே சில சமயம் வித்தியாசம் தெரியும். மைக்ரோவேவ் ஓடும் நேரத்தில் மட்டும் அறுந்தால் காரணம் சமையலறையில் இருக்கிறது. ரூட்டருக்குப் பக்கத்தில் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். அது 2.4 அலையில் இரைச்சல் கிளப்பும்.

சிக்னல் நன்றாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட பிடிஎஃப் மட்டும் படுத்தினால் வைஃபையை விட்டுவிடுங்கள். ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ போட்டு அனுப்புங்கள்.

## அறிகுறி: பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் மட்டும் இல்லை

விண்டோஸில் கையால் டிசிபி/ஐபி போர்ட் போட்டவர்களுக்கு இது நேரும். அந்தப் போர்ட் பிரிண்டுக்கு மட்டும்தான், ஸ்கேனருக்கு அதைத் தெரியாது. எப்சனில் ‘எப்சன் ஸ்கேன் 2 யுடிலிட்டி’ திறந்து ‘ஆட்’ கொடுத்து ஐபியைச் சேருங்கள். மற்ற கம்பெனிகளில் முழு சாஃப்ட்வேர் தொகுப்பைப் போட்டு, அதில் நெட்வொர்க் வழி என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

## ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்

நெட்வொர்க் ரீசெட் செய்தும் வைஃபை விளக்கு உயிர்பெறவே இல்லை. தாளில் மேக் முகவரி வெறும் சைபராகவோ காலியாகவோ வருகிறது. ஒரு மீட்டரில் உள்ள 2.4 ஹாட்ஸ்பாட்டும் தெரியவில்லை. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் வைஃபை பாகத்தின் மேல்தான் சந்தேகம். வாரண்டி இருந்தால் பிரித்துப் பார்க்காதீர்கள், நேரே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர். வாரண்டி முடிந்திருந்தால், தனி வைஃபை கார்டா, மெயின் போர்டோடு சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். மெயின் போர்டு என்றால் குறைந்த விலைப் பிரிண்டருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஒரு யுஎஸ்பி கேபிள் (ஒரு முனை சதுரமாக இருப்பது) வாங்கி லேப்டாப்பில் நேராகச் சொருகிக்கொள்ளலாம். விண்டோஸில் ‘ஷேர்’ போட்டால் அந்த லேப்டாப் ஆனில் இருக்கும்போது வீட்டில் உள்ள மற்ற கணினிகளும் எடுக்கலாம்.

ரூட்டருக்குள் நுழைய முடியவில்லை, ஏபி ஐசொலேஷனை எடுக்க முடியவில்லை, பெயரைப் பிரிக்க முடியவில்லை என்றால் அது பிராட்பேண்ட் கம்பெனியின் வேலை. பிரிண்டர் மெக்கானிக்கை அழைத்துப் பயனில்லை.

நம்பரை கூகுளில் தேடி அடிக்காதீர்கள். பிரிண்டர் கம்பெனியின் பெயரில் போலி ‘சப்போர்ட்’ நம்பர்கள் நிறைய உலவுகின்றன. எடுப்பவர் நிதானமாகப் பேசுவார், திரையைப் பார்க்கும் ஆப் ஒன்றைப் போடச் சொல்வார், ‘உங்கள் நெட்வொர்க்கில் வைரஸ்’ என்பார், பிறகு பணம். நம்பரை வாரண்டி கார்டிலிருந்தோ, அட்டைப்பெட்டியிலிருந்தோ மட்டும் எடுங்கள். ஏற்கெனவே ஆப்பைப் போட்டுவிட்டிருந்தால் உடனே வைஃபையைத் துண்டியுங்கள், பேங்க்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.